நகையை அடகு வைக்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்

சென்ற மாதம் எமது மாவட்டக் காரியாலயத்துக்கு ஒரு அக்கா வந்தார். பெரட்டுக்குப் போகாமல், ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். உள்ளே ஒரு சான்றிதழ். மேலே விமானம் பறக்கிறது, கீழே மூன்று பேரின் கையெழுத்து, ஓரத்தில் தங்க நிற முத்திரை. விமான எஞ்சின் பராமரிப்பில் டிப்ளோமா என்று இங்கிலீசில் போட்டிருந்தது.

"தலைவரே, மகன் படிச்சு முடிச்சிட்டான். கட்டுநாயக்கால வேலைக்குச் சேர சங்கத்தால ஒரு கடிதம் குடுத்தா போதும்னு சொல்றாங்க" என்றார்.

நாம் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். படித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதை அங்கீகரித்தது யார் என்று இல்லை. அங்கீகார இலக்கம் எதுவும் இல்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தேநீர் வாங்கி வரச் சொன்னோம். பிறகு மெல்ல விசாரித்தோம். அவருடைய அம்மாவுக்குத் தோட்டத்தில் கிடைத்த சேவைக்காலப் பணமும் ஈ.பி.எஃப். காசும் இதில் போயிருக்கிறது. தாலிக்கொடி பேங்கில் இருக்கிறது. மிச்சத்துக்கு நுண்கடன். அது வாராவாரம் வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு கடையில் போன் திருத்துகிறான்.

இந்தக் கதையைக் காரியாலயத்தில் பேசியபோது எமது தோழர்களில் ஒருவர், "தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் பிளேன் வேலை? அகலக்கால் வைத்தால் இப்படித்தான்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, முப்பது வருடம் சங்கத்துக்கு உழைத்தவர். ஆனாலும் அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. காசைப் பிடுங்கியவர்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்தது ஒரு அநியாயம் என்றால், இப்படிப் பேசுவது இரண்டாவது அநியாயம். எமது பாட்டன்மாருக்குத் துரைமார் சொன்னதும் இதே வார்த்தைதான்: கொழுந்து எடுக்கிறவன் பிள்ளை கொழுந்து எடுக்கட்டும்.

ஆகவே இந்த மாதம் சம்பளப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறோம். விமான எஞ்சின் வேலை என்றால் என்ன, அதற்கு நேர்வழி எது, எந்த இடத்தில் ஏமாற்றுகிறார்கள், சங்கம் எங்கே தவறியது என்பதெல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையே நேரில் வந்தான். ஏமாந்த பிள்ளைதான், ஆனால் படிக்காத பிள்ளை அல்ல. சந்தா ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் படம் போட்டு எமக்கு எஞ்சினை விளக்கினான். அவனுடைய அப்பா ஸ்டோரில் ட்ரையர் பார்ப்பவர். அதனால் அங்கிருந்தே தொடங்கினான். ட்ரையரில் என்ன நடக்கிறது? ஃபேன் காற்றை இழுக்கிறது, அடுப்பு அதைச் சூடாக்குகிறது, சூடான காற்று தூளின் ஊடாகப் போய் வெளியேறுகிறது. ஜெட் எஞ்சினும் காற்றை இழுத்துச் சூடாக்கித் தள்ளும் மெசின்தான். முன்னால் பெரிய விசிறி. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சின்னத் தகடுகள் காற்றை நெருக்கி அழுத்தும். அழுத்திய காற்றில் எரிபொருள் தெளித்து எரியும். எரிந்த வாயு விரிந்து பின்னால் ஓடும்போது அங்கிருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் அச்சு வழியாக முன்னால் உள்ள விசிறியைச் சுழற்றும். லக்சபானவில் தண்ணீர் விழுந்து டர்பைன் சுற்றுவதை எமது பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பார்கள். இங்கே தண்ணீருக்குப் பதிலாக நெருப்புக் காற்று.

அளவைச் சொன்னால்தான் விளங்கும். ஸ்ரீலங்கன் நிறுவனம் ஓட்டும் ஏ330 விமானத்தில் ரோல்ஸ்-ரோய்ஸ் ட்ரென்ட் 700 எஞ்சின் இருக்கிறது. அதன் முன் விசிறியின் விட்டம் எட்டடிக்குச் சற்று மேல். பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவுக்குள் அதை நிறுத்தினால் பக்கத்தில் ஆள் நடக்கவே நெருக்கடி. உள்ளே எரியும் வாயுவின் சூடு டர்பைன் தகடு உருகும் சூட்டையும் தாண்டியது. தகடு உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உடம்பில் துளைத்த நுண்ணிய ஓட்டைகள் வழியாக ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றை ஓட விடுவதுதான். அந்த ஓட்டைகளில் சில அடைத்துக்கொண்டால் தகடு கருகும், வெடிக்கும். அதைப் பார்ப்பதற்கு எஞ்சினைக் கழற்றுவதில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கமரா விடுவது போல, ஒரு மெல்லிய குழாய்க் கமராவை எஞ்சினுக்குள் விட்டு ஒவ்வொரு தகடாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். போரஸ்கோப் என்று அதற்குப் பெயர்.

எஞ்சின் டெக்னீசியனின் ஒரு நாள் பெரும்பாலும் இப்படித்தான் கழியும். பார்ப்பது, கைந்நூலில் உள்ளதோடு ஒப்பிடுவது, கழற்றுவது, மாட்டுவது, எழுதுவது. ஒரு போல்ட்டை எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்று நூலில் எண் இருக்கிறது. அந்த எண்ணைக் காட்டும் ஸ்பானரால்தான் இறுக்க வேண்டும். "நல்லா இறுக்கிட்டேன்" என்ற பேச்சு அங்கே செல்லாது. இறுக்கிய போல்ட் அதிர்ச்சியில் கழலாமல் இருக்க மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் ஆயுதப் பெட்டியில் ஒவ்வொரு ஆயுதத்தின் உருவமும் வெட்டிய பள்ளத்தில் அது அது இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஒரு சின்ன ஸ்பானர் குறைந்தால் அது கிடைக்கும் வரை விமானம் நகராது. ஏன் என்றால் அது எஞ்சினுக்குள் கிடக்கலாம்.

எல்லாம் முடிந்த பின் கையெழுத்து. எமது வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

உரிமம் பெற்ற டெக்னீசியன் ஒருவர் "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று தன் பெயரில், தன் உரிம இலக்கத்தோடு கையெழுத்து வைத்தால்தான் விமானம் நகரும். முகாமையாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பயணிகள் முந்நூறு பேர் கத்திக்கொண்டு நின்றாலும், அவர் கையெழுத்து வைக்காவிட்டால் விமானம் நிற்கும். மேலே இருப்பவர் நெருக்குவது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் சட்டம் அந்தத் தொழிலாளியின் பேனாவின் பக்கம் நிற்கிறது. தராசில் நின்ற கொழுந்துக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்கக்கூட முடியாமல் நின்ற தலைமுறைக்கு, இது எப்படிப்பட்ட இடம் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

அதே கையெழுத்துக்கு விலையும் உண்டு. 1990 ஜூன் 10 ஆம் திகதி இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் கழன்று பறந்தது. கப்டனின் உடம்பு இடுப்பு வரை வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி விமானத்தை இறக்கினார், கப்டன் பிழைத்தார். விசாரித்தால், முந்திய நாள் அந்தக் கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள். பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் குறைவு. எவ்வளவு குறைவு? ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. இரவு வேலை, ஆள் குறைவு. செய்தவர் அனுபவசாலி, அந்த வேலைநேரத்துக்கே பொறுப்பானவர். பழைய போல்ட்டோடு புதியதைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார். நூலைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை.

எஞ்சினிலேயே நடந்த ஒன்றும் சொல்கிறோம். 2001 ஓகஸ்ட் 24 ஆம் திகதி கனடாவின் டொரண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏ330 விமானம். சில நாட்களுக்கு முன்தான் அதன் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். புது எஞ்சினுக்குப் பொருந்தாத பழைய வகை ஹைட்ரோலிக் பாகத்தைப் பூட்டியதால், இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று உரசி எரிபொருள் குழாய் வெடித்தது. விமானிகளும் கசிவை உடனே கண்டுகொள்ளவில்லை. கடலுக்கு மேல் இரண்டு எஞ்சினும் நின்றன. ஏறத்தாழ 19 நிமிடம் எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே 306 பேர். ஒருவரும் சாகவில்லை. ஒரு பாகத்தின் இலக்கத்தைச் சரிபார்க்காத வேலைக்கு 306 உயிர் ஈடாக நின்றது.

விமான விபத்து என்றால் எமது மக்களுக்கு நினைவு வருவது ஏழு கன்னி மலைதான். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரைக்குப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசிய மக்களோடு மார்ட்டின்ஏர் விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் மூத்தவர்கள் இன்றும் அந்த இரவைச் சொல்வார்கள். அது எஞ்சின் கோளாறு அல்ல, இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே கீழே இறங்கியதால் வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், "பிளேன் வேலை ஆபத்து" என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோருக்கு இந்த மலைதான் கண்முன் நிற்கிறது என்பது எமக்குத் தெரியும். டெக்னீசியன் பறப்பதில்லை. அவர் தரையில் நின்று மற்றவர்கள் பத்திரமாகப் பறக்க வழி செய்பவர்.

படித்தவர் வேலை என்று மலைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ரைட் சகோதரர்கள் 1903 இல் பறந்த முதல் விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் சார்ள்ஸ் டெய்லர் என்ற மெக்கானிக். சைக்கிள் கடையில் வேலை செய்தவர், பெரிய படிப்பு இல்லாதவர். கடையில் இருந்த கடைசல் மெசினையும் துளைக்கும் மெசினையும் வைத்து ஆறு வாரத்தில் அந்த எஞ்சினைச் செய்து முடித்தார். சகோதரர்கள் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். டெய்லர் 1956 இல் வறுமையில் செத்தார். அவர் பிறந்த மே 24 ஐ அமெரிக்காவில் இப்போது விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். செத்த பிறகு மாலை போடும் பழக்கம் எமது நாட்டில் மட்டுமல்ல போலும்.

இனி வழிக்கு வருவோம். டெய்லரின் காலம் போல இன்று கைப்பழக்கம் மட்டும் போதாது. உரிமம் வேண்டும். எமது நாட்டில் அந்த உரிமத்தைத் தருவது சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. உலகில் பல நாடுகள் மதிப்பது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் உரிமம், ஈயாசா என்று சொல்வார்கள். இந்த ஐரோப்பிய விதிகளில் மூன்று எண்கள் உண்டு. பெற்றோர் இவற்றை மனப்பாடம் செய்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

66 என்பது ஆளுக்குரிய உரிமம். 147 என்பது பயிற்சிப் பாடசாலைக்குரிய அங்கீகாரம். 145 என்பது விமானத்தைப் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்குரிய அங்கீகாரம். பிள்ளை 147 உள்ள இடத்தில் படித்து, 145 உள்ள இடத்தில் வேலை பழகி, 66 ஐக் கையில் பெற வேண்டும். இதில் எது விடுபட்டாலும் பாதை நீளும், அல்லது அறுந்து போகும். கட்டுநாயக்காவில் உள்ள ஸ்ரீலங்கன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் ஐரோப்பிய 147 அங்கீகாரம் பெற்றது. வேறு நிறுவனங்களும் இருக்கின்றன. எதற்கு அங்கீகாரம் உண்டு என்பதை அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் பார்க்காதீர்கள், அதிகார சபையிடமே கேளுங்கள்.

66 இலும் வகுப்புகள் உண்டு. ஏ என்பது சிறு வேலைகளைச் செய்து அதற்கு மட்டும் கையெழுத்து வைக்கும் தரம். பி1 என்பது எஞ்சினும் விமான உடலும் பார்ப்பவர். பி2 மின்னணுக் கருவிகளைப் பார்ப்பவர். ஜெட் விமானத்துக்கான பி1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணித்தியாலம், ஏ பயிற்சி 800 மணித்தியாலம். அதற்குப் பிறகும் உரிமம் கைக்கு வராது. ஓடும் விமானங்களில் பி1 க்கு 2 வருடமும் ஏ க்கு 1 வருடமும் வேலை செய்த அனுபவத்தைப் புத்தகத்தில் பதிந்து காட்ட வேண்டும். அங்கீகரித்த பாடசாலையில் படிக்காமல் சொந்தமாகப் படித்துப் பரீட்சை எழுதவும் இடம் உண்டு. ஆனால் அனுபவ காலம் கூடும். வேறு தொழிற்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு ஜெட் விமானத்துக்கான பி1 க்கு 5 வருடம் வரை போகும்.

ஏமாற்று நடப்பது இந்த அனுபவ வருடங்களில்தான். வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பழைய எஞ்சினை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியும். ஓடும் விமானத்தில் பிள்ளையைக் கைவைக்க விட அவர்களால் முடியாது. "படித்து முடித்ததும் வேலை நிச்சயம்" என்பார்கள். எந்த வேலை, எந்தப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில், அந்த நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேட்டால் பேச்சு மாறும். எமது அக்காவின் மகனுக்கு நடந்தது அதுதான். அவன் படித்த பாடம் பொய்யல்ல, எமக்கு அவன் விளக்கிய விதத்திலேயே அது தெரிந்தது. ஆனால் அவன் ஏறிய படிக்கட்டுக்கு மேல்மாடி இல்லை. எட்டுப் படி ஏறிய பிறகு சுவர்.

ஆகவே காசு கட்டும் முன் நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் அங்கீகார இலக்கம் என்ன, யார் தந்தது, எப்போது முடிகிறது? பிள்ளைக்கு அனுபவம் எங்கே கிடைக்கும்? பரீட்சையை யார் நடத்துவது? இடையில் விட்டால் காசு திரும்ப வருமா? பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சம்பளத் துண்டில் பிழை என்றால் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்தானே, இதற்கு ஏன் கூச்சம்?

படிப்பின் கனத்தையும் மறைக்க விரும்பவில்லை. கணிதம், பௌதிகம், மின்சாரம், உலோகங்கள், காற்றியக்கம், சட்டம், மனிதத் தவறுகள் என்று பாடங்கள் அடுக்கடுக்காக உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரீட்சை. சித்தியடைய 75 புள்ளி. சாதாரண தரத்தில் 75 எடுத்தால் ஏ என்று பாடசாலையே கொண்டாடும். இங்கே 75 வெறும் பாஸ். 74 என்றால் பெயில். காரணம் விளங்கக்கூடியது: நான்கில் ஒரு போல்ட்டை மட்டும் தவறாகப் பூட்டுகிற ஆளின் விமானத்தில் நீங்கள் ஏறுவீர்களா? மனிதத் தவறுகள் என்ற பாடத்தில் களைப்பு, அவசரம், மேலிடத்து நெருக்குதல், பேசாமல் இருப்பது எல்லாம் விபத்துக்குக் காரணம் என்று படிப்பிக்கிறார்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் நாம் பேசுவதை அங்கே பாடமாக வைத்துப் புள்ளி கொடுக்கிறார்கள்.

எல்லாம் இங்கிலீசில். கைந்நூல் இங்கிலீசு, பரீட்சை இங்கிலீசு, பதிவேடு இங்கிலீசு. எமது பிள்ளைகளின் உண்மையான மதில் இதுதான். மூளை குறைவு அல்ல. கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை, விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம், இங்கிலீசுக்கு எப்போதாவது ஒருவர் என்று பத்தாம் ஆண்டு வரை வந்த பிள்ளையை 75 புள்ளிப் பரீட்சைக்கு முன் நிறுத்துகிறோம். விமானப் பயிற்சி கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. தோட்டத்துப் பாடசாலையில் ஏழாம் ஆண்டுக் கணித வகுப்பில் தொடங்குகிறது. அந்த வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்ப்பது யார் வேலை?

எமது வேலையும்தான். இதை எழுதும்போது எமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக 2015 முதல் 2021 வரை நாம் உட்கார்ந்து பேசிய மணித்தியாலங்களை யாரும் எண்ணி முடிக்க முடியாது. அந்தப் போராட்டம் சரியானது, இன்றும் சரியானது. ஆனால் அந்த மணித்தியாலங்களில் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினோம்? பிரஜாவுரிமைச் சட்டம் 1948 இல் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அரசாங்க வேலை, அரசாங்கப் பயிற்சி எதற்கும் நாம் கணக்கில் இல்லை. அந்தக் காயம் உண்மை. ஆனால் இன்று பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லக்கூட ஒரு ஆள் சங்கத்தில் இல்லை என்றால், அந்தக் குற்றத்தை 1948 இன் மேல் போட முடியாது.

நேரே விமானத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. மொரட்டுவையில் ஜேர்மன் டெக் இருக்கிறது, 1959 இலிருந்து மெசின் வேலை பழக்கும் இடம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மலையகத்திலும் உண்டு. பொருத்துநர், ஒட்டு வேலை, மின்சாரம், மோட்டார் எஞ்சின் என்று எதில் என்.வி.கியூ. நான்காம் மட்டம் எடுத்தாலும் கையில் ஒரு தொழில் நிற்கும். ஐரோப்பிய விதியிலும், தொழில்நுட்பக் கைத்தொழில் ஒன்றை முறையாகப் பழகியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு ஜெட் பி1 அனுபவ காலம் 5 இலிருந்து 3 வருடமாகக் குறைகிறது. விமானப்படையும் ஏகலைத் தொழிற்பயிற்சிப் பாடசாலையில் தன் ஆட்களுக்கு இந்த வேலையைப் பழக்குகிறது. சீருடை போடுவதா என்பதில் எமது வீடுகளில் இரண்டு கருத்து உண்டு, சங்கத்துக்குள்ளும் உண்டு. அதை ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்மானிக்கட்டும்.

ஸ்டோரில் வேலை செய்யும் எமது மூத்த தோழர்களை மறந்துவிடக் கூடாது. ரோலர் தாங்கி உடைந்தால் இரவோடு இரவாக மாற்றுபவர்கள், சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் நோயைச் சொல்பவர்கள். அவர்களுடைய அறிவுக்கு ஒரு காகிதமும் இல்லை. செய்து பழகிய வேலையைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை எமது நாட்டில் இருக்கிறது, முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். அதைக் கம்பனிகள் தாமாக எடுத்துத் தரமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அப்பாவின் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால், மகனோ மகளோ மேலே ஏறக் கூச்சப்படமாட்டார்கள்.

மகள் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் மென்மையானது என்று சொல்லிச் சொல்லியே நூற்றாண்டுகளாக அவளை மலையில் நிறுத்தினார்கள். அந்தப் புகழ்ச்சி எமக்கு வேண்டாம். விரலுக்காக அல்ல, கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கிறாள் என்பதற்காகவே பெண்பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாம். 66 ஆம் பகுதியில் வயது 18 என்று இருக்கிறது, ஆண் என்று எங்கும் இல்லை.

"எல்லாரும் இப்படிப் போய்விட்டால் மலையில் யார் நிற்பது, சங்கத்தில் யார் சந்தா கட்டுவது?" என்று ஒரு கேள்வி வரும். வெளிப்படையாகச் சொல்கிறோம்: சந்தாவுக்காகப் பிள்ளைகளை மலையில் கட்டி வைக்கும் சங்கம் எமக்குத் தேவையில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டின் விமானத் தொழில்நுட்பவியலாளர் பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். எமது பிள்ளைகளும் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அதே வளைகுடாவுக்குத்தான் போகிறார்கள். போகிறவர்கள் உரிமத்தோடு போகட்டும். விமானத் தொழிலாளருக்கும் சங்கம் உண்டு. அமெரிக்காவில் 1888 இல் ரயில்வே மெசின் தொழிலாளர் 19 பேர் கூடித் தொடங்கிய சங்கம்தான் இன்று விமானம் கட்டும் தொழிலாளரின் பெரிய சங்கம். 2024 இல் போயிங் கம்பனியில் அதன் 33,000 உறுப்பினர்கள் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, நான்கு வருடத்தில் 38 வீதச் சம்பள உயர்வை எழுதி வாங்கினார்கள். எஞ்சின் பழகிய பிள்ளை சங்கத்தை மறந்துவிடுவான் என்று பயப்படத் தேவையில்லை.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு எமது கிளை மூன்று கோரிக்கைகளை வைக்கிறது. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதமும் இங்கிலீசும் வார இறுதியில் படிப்பிக்கச் சங்க மண்டபத்தைத் திறந்து விட வேண்டும், ஆசிரியருக்கு வழிச்செலவைச் சங்கம் கொடுக்க வேண்டும். அங்கீகரித்த பாடசாலையில் இடம் கிடைக்கும் பிள்ளைக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு நிதி தொடங்க வேண்டும். ஸ்டோர் தொழிலாளரின் முன்கற்றல் அங்கீகாரத்தைக் கம்பனிகளோடு நடக்கும் அடுத்த பேச்சில் சேர்க்க வேண்டும். முதல் கோரிக்கைக்குப் பெரிய காசு தேவையில்லை. மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கிறது.

அந்த அக்காவுக்குக் கட்டுநாயக்காவுக்குக் கடிதம் கொடுக்க எம்மால் முடியவில்லை. கொடுத்திருந்தால் அதுவும் இன்னொரு பொய்க் காகிதமாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று அதிகார சபைக்கு, அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டு. மற்றது அந்த நிறுவனத்துக்கு, கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்டு. பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுவோம். மகன் மறுபடி முதல் பாடத்திலிருந்து சொந்தமாகப் படித்துப் பரீட்சை எழுதப் போவதாகச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திறந்தால், அங்கே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கவும் தயார் என்கிறான். வழிச்செலவு வேண்டாமாம், சாவி மட்டும் போதுமாம்.